தனியா அம்மா ஆகப் போறீங்களா? ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிச்சு வைக்க வேண்டியது

டோனர், அதாவது விந்து தானம் குடுக்கறவர், மூலமா தனியா குழந்தை பெத்துக்கணும்னு நினைக்கிற பொண்ணுங்க முதல்ல கேக்கறது, இது நம்ம ஊர்ல சட்டப்படி நடக்குமான்னுதான். தாராளமா நடக்கும். செயற்கைக் கருத்தரிப்புக்குன்னு 2021ல வந்த ஏஆர்டி சட்டம் 2022 ஜனவரி 25ல இருந்து அமல்ல இருக்கு, அதுல தம்பதியைத் தனியா சொல்லியிருக்காங்க, "பெண்"ணுன்னு தனியாவும் சொல்லியிருக்காங்க, 21 வயசுக்கு மேல 50 வயசுக்குள்ள இருக்கற பொண்ணு ஐயூஐயோ (விந்தை நேரா கர்ப்பப்பைக்குள்ள விடறது) ஐவிஎஃப்போ (முட்டையை வெளிய எடுத்து லேப்ல கருவாக்கி உள்ள வைக்கறது) பண்ணிக்கலாம், புருஷன் இருந்தே ஆகணும்னு இல்ல. வாடகைத்தாய் விஷயம் வேற, அதுக்குத் தனிச் சட்டம், கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு அது கிடையாது, கணவரை இழந்தவங்க, விவாகரத்து ஆனவங்க மட்டும் 35ல இருந்து 45 வயசுக்குள்ள மருத்துவக் காரணம் இருந்தா போகலாம். தனியா இருக்கற ஆம்பளைங்களுக்கு இந்த ரெண்டு வழியும் மூடியிருக்கு, அவங்க தத்தெடுக்கலாம், அதுவும் ஆண் குழந்தையை மட்டும். அதனால நான் இங்க எழுதறது தன் வயித்துலயே சுமக்கப் போற பொண்ணுங்களுக்காக.

நான் இந்த வழியில வந்தவ, அதனால ஒண்ணு அடிச்சு சொல்றேன். உங்க உடம்பை டாக்டர் பாத்துக்குவாங்க, அது அவங்க வேலை. பேப்பர், பணம், கூட நிக்கற ஆளு, இதைப் பத்தி எந்த கிளினிக்லயும் யாரும் உங்களை உக்கார வச்சுப் பேச மாட்டாங்க, அதையெல்லாம் ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீங்களே முடிச்சு வைக்கணும், ஏன்னா ஆரம்பிச்சுட்டா ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஆபீஸ்னு ஓடவே நேரம் சரியா இருக்கும், வக்கீலைப் பாக்கவோ வீட்ல பேசவோ தெம்பு இருக்காது.

பேப்பர்ல முதல் விஷயம் உங்க கல்யாண நிலை. கல்யாணமே ஆகலைன்னா பிரச்சினை இல்ல. விவாகரத்து ஆகியிருந்தா கோர்ட் டிகிரியோட சர்டிஃபைட் காப்பி கையில இருக்கணும். பிரிஞ்சு இருக்கீங்க, கேஸ் இன்னும் ஓடிட்டு இருக்குன்னா தயவு செஞ்சு கேஸ் முடியற வரைக்கும் பொறுங்க, கஷ்டமா இருந்தாலும் பொறுங்க. சட்டத்தோட கண்ணுல நீங்க இன்னும் அவர் மனைவிதான், கிளினிக் அவர் கையெழுத்து இல்லாம தொடாது. அதை விடப் பெரிய விஷயம், கல்யாணம் நிலுவையில இருக்கும்போதோ, அது முடிஞ்சு 280 நாளுக்குள்ளயோ குழந்தை பிறந்தா அந்தக் கணவர்தான் அப்பான்னு சாட்சியச் சட்டம் எடுத்துக்கும், பழைய சட்டத்துல 112ஆவது பிரிவு, இப்ப இருக்கற சாட்சிய அதினியத்துல 116. பத்து வருஷமா முகம் பாக்காத மனுஷன் உங்க குழந்தைக்கு சட்டப்படி அப்பாவா நிக்க வேண்டாம்.

அடுத்தது கிளினிக். இந்தச் சட்டப்படி எல்லா கிளினிக்கும் பதிவு பண்ணியிருக்கணும், லெவல் 1ன்னா ஐயூஐ மட்டும்தான் பண்ண முடியும், லெவல் 2ன்னா ஐவிஎஃப், முட்டை ஃப்ரீஸிங் எல்லாமே பண்ணலாம். பதிவு எண்ணைக் கேட்டு, தேசியப் பதிவேட்டுல அந்தப் பேரு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அப்பாயின்ட்மென்ட் போடுங்க. போன்லயே நேரா கேளுங்க, "நான் சிங்கிள், டோனர் ஐயூஐ பண்ணணும், நீங்க சிங்கிள் விமனுக்குப் பண்ணுவீங்களா"ன்னு. சட்டம் இடம் குடுத்தாலும் சில இடத்துல "நாங்க கப்பிள்ஸுக்கு மட்டும்தான்"னு சொல்லிடுவாங்க, அவங்ககிட்ட வாதாடி நேரத்தை வீணாக்காதீங்க, மனசு ஒப்பாத இடத்துல கால் வைக்க வேண்டாம். ரிசப்ஷன்ல குடுக்கற ஃபார்ம்ல மேலயே "கணவர் பெயர்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு கோடு போட்டு பக்கத்துல "சிங்கிள்"னு தெளிவா எழுதுங்க, அப்பா பேரையோ அண்ணன் பேரையோ எழுதாதீங்க. அந்த ஒரு பேரு கம்ப்யூட்டர்ல ஏறி, ஒவ்வொரு பில்லுலயும் ரிப்போர்ட்லயும் வந்து, கடைசியில டிஸ்சார்ஜ் சம்மரி வரைக்கும் வந்து நிக்கும், அப்புறம் பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போது அதை மாத்த அலையணும். ஒப்புதல் ஃபார்ம்ல கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிங்க, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஃப்ரீஸ் பண்ணின கருவை என்ன செய்யணும்னு ஒரு இடத்துல கேட்டிருப்பாங்க, அதை யோசிச்சுதான் எழுதணும். சட்டப்படி டோனர் செல்லையோ கருவையோ அதிகபட்சம் 10 வருஷம்தான் சேமிச்சு வைக்க முடியும்.

இப்ப டெஸ்ட். ஏஎம்ஹெச்னு ஒரு ரத்த டெஸ்ட், மாசத்துல எந்த நாள்ல வேணா எடுக்கலாம், கூடவே பீரியட்ஸோட ரெண்டாவது மூணாவது நாள்ல ஒரு உள் ஸ்கேன், இந்த ரெண்டும் சேர்ந்து முட்டைக் கையிருப்பு எவ்வளவுன்னு சொல்லும். ஏஎம்ஹெச் கம்மியா வந்ததும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுவாங்க நம்ம ஆளுங்க, அது எண்ணிக்கையைச் சொல்ற டெஸ்ட், முட்டையோட தரத்தைச் சொல்றது பெரும்பாலும் உங்க வயசு, அதனால 32 வயசுல ஏஎம்ஹெச் கம்மியா இருக்கறவங்களுக்கும் 41 வயசுல நல்லா இருக்கறவங்களுக்கும் பேசற பேச்சே வேற வேற. 35க்கு மேல வாய்ப்பு இறங்க ஆரம்பிக்கும், 37, 38க்கு அப்புறம் வேகமா இறங்கும், "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்"னு நினைக்கறவங்க குறைஞ்சபட்சம் இந்த ரெண்டு டெஸ்ட்டை மட்டுமாவது இப்பவே எடுத்து வச்சுட்டுத் தள்ளிப் போடுங்க.

அது தவிர தைராய்டு, ப்ரோலாக்டின், சுகர், ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், இதெல்லாம் வழக்கமா எழுதிக் குடுப்பாங்க. எழுதலைன்னா நீங்களே கேட்டு வாங்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோயோட கேரியரா, அதாவது தனக்கு நோய் இல்லாமலே அதைக் குழந்தைக்குக் கடத்தக் கூடியவங்களான்னு பாக்கற டெஸ்ட், ஏன்னா நீங்க கேரியரா இருந்தா டோனர் கேரியரா இருக்கவே கூடாது, இதை டோனரைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். இன்னொண்ணு ருபெல்லா, அதாவது ஜெர்மன் அம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்கற டெஸ்ட். எதிர்ப்பு சக்தி இல்லைன்னு வந்தா தடுப்பூசி போட்டுட்டு ஒரு மாசம் கர்ப்பம் ஆகாம இருக்கணும், சின்ன வயசுல அம்மை வராதவங்களுக்கு சிக்கன்பாக்ஸ் ஊசிக்கும் அதே கதைதான், இதைக் கடைசி நிமிஷத்துல பாத்தா ஒரு சைக்கிள், அதாவது ஒரு தடவை ட்ரீட்மென்ட் பண்ற வாய்ப்பு, போயிடும். ஐயூஐ பண்றதா இருந்தா கருக்குழாய் திறந்திருக்கான்னு எக்ஸ்ரே வச்சு பாப்பாங்க, கொஞ்ச நேரம் பீரியட்ஸ் வலி மாதிரி சுருக்குன்னு இழுக்கும், போறதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு கேளுங்க. நம்ம நாட்டுல கர்ப்பப்பை டிபியால குழாய் அடைபடறது சாதாரணமா பாக்கற விஷயம், வீட்ல யாருக்காவது டிபி இருந்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க. உங்க ரத்த வகை நெகட்டிவ்வா இருந்தா, டோனர் பாசிட்டிவ்வா நெகட்டிவ்வான்னு கேட்டு வச்சுக்கங்க, பாசிட்டிவ்னா கர்ப்பத்துல 28 வாரம் வாக்குல ஆன்டி டி ஊசி (உங்க உடம்பு குழந்தையோட ரத்தத்தை எதிர்க்காம தடுக்கற ஊசி) ஒண்ணு, குழந்தை பாசிட்டிவ்வா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு போட வேண்டி வரும்.

ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க, சுகர் இருக்கறவங்களுக்கு டோஸ் அதிகம் வேணும், அதை டாக்டர்கிட்ட கேளுங்க. வேற ஏதாவது மாத்திரை எடுக்கறவங்க, முக்கியமா வலிப்பு, பிபி, மனசு சம்பந்தமான மாத்திரை, முகப்பரு மாத்திரை, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு டாக்டர் டேபிள்ல கொண்டு போய் வச்சுடுங்க, நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. நாட்டு மருந்து லேகியம் எதுவா இருந்தாலும் அதையும் காட்டுங்க.

ஐயூஐயா ஐவிஎஃப்பான்னு எல்லாரும் குழம்பற இடம் இது. வயசு கம்மி, குழாய் நல்லா இருக்கு, பீரியட்ஸ் ஒழுங்கா வருதுன்னா வழக்கமா ஐயூஐல ஆரம்பிப்பாங்க, செலவு ஆயிரக் கணக்குல முடியும், முட்டை இருக்கற பை 18லிருந்து 20 மில்லிமீட்டர் வளர்ந்ததும் முட்டையை வெளிய வர வைக்கற ட்ரிக்கர் ஊசி, ஒண்ணரை நாள் கழிச்சு சாம்பிளை உள்ள விடுவாங்க, வேலை அஞ்சு நிமிஷம்தான். ஒரு தடவையில நிக்கற வாய்ப்பு கம்மி, மூணு நாலு தடவை போகணும்னு மனசுல வச்சுட்டே போங்க. வயசு 38 தாண்டியாச்சு, ஏஎம்ஹெச் கம்மி, குழாய் அடைப்புன்னா நேரா ஐவிஎஃப் பேசலாம், அது லட்சத்துல போற செலவு, மருந்துக்கும் ஃப்ரீஸிங்குக்கும் தனித்தனியா பில் வரும், அதனால "பேக்கேஜ் இவ்வளவு"ன்னு சொன்னா அதுல மருந்து சேருமா, மயக்க மருந்து சேருமா, டோனர் சாம்பிள் சேருமா, அடுத்த தடவை ஃப்ரீஸ் பண்ணின கருவை உள்ள வைக்கற ஃப்ரோஸன் டிரான்ஸ்ஃபருக்கு எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. கையில ஒரு சைக்கிளுக்கு மட்டும் காசு இருந்தா ஆரம்பிக்காதீங்கங்கறது என் கருத்து. முதல் தடவை நிக்காம போறது சகஜம், அந்த நேரத்துல அடுத்ததுக்குப் பணம் இல்லாம நிக்கறது ரொம்பக் கொடுமையா இருக்கும். இன்ஷூரன்ஸ்ல பெரும்பாலும் இந்த ட்ரீட்மென்ட் வராது, பிரசவ கவருக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், பாலிசியை இப்பவே எடுத்துப் பாத்துடுங்க, சிகிச்சைக்கு முன்னாடி எடுத்தாதான் பிரசவத்துக்கு உதவும்.

டோனர் விஷயத்துல சட்டம் ரொம்பக் கண்டிப்பு. சாம்பிள் பதிவு பண்ணின ஏஆர்டி பேங்க்ல (விந்து சேமிச்சு வைக்கற இடம்) இருந்துதான் வரணும், 21ல இருந்து 55 வயசுக்குள்ள இருக்கற டோனர், எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் டெஸ்ட் பண்ணியிருக்கணும், ஒரு டோனரோடதை ஒரு குடும்பத்துக்கு மேல குடுக்கக் கூடாது, டோனர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அவருக்குக் குழந்தை மேல எந்த உரிமையும் கிடையாது. உயரம், நிறம், ரத்த வகை, படிப்பு மாதிரி விவரம் குடுப்பாங்க. ரெண்டாவது குழந்தையும் வேணும்னு மனசுல இருந்தா அதே டோனரோட இன்னும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வைக்க முடியுமான்னு முதல் நாளே கேளுங்க, அப்புறம் கேட்டா கிடைக்காது. ஆணா பொண்ணான்னு தேர்ந்தெடுத்துத் தர்றேன்னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க, அது குற்றம்.

ஒரு ஃப்ரெண்ட் இருக்கார், நல்லவர், அவரே உதவறேன்றார், கிளினிக் எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. வேண்டாம். கிளினிக்குக்கு வெளிய வீட்லயே ஏதாவது பண்ணினா அவர் சட்டம் சொல்ற டோனர் ஆக மாட்டார், அப்பா ஆயிடுவார், இன்னைக்கு நல்லவர்தான், நாளைக்கு அவருக்குக் கல்யாணம் ஆகி, இல்ல அவங்க அம்மாவுக்குப் பேரப் பிள்ளை ஆசை வந்து, குழந்தையைக் கேட்டு கோர்ட்டுக்கு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க. நோய்த் தொற்று டெஸ்ட்டும் இருக்காது.

கூட நிக்கற ஆளைப் பத்தி இப்ப சொல்றேன், இதுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது. ஊருக்கே சொல்ல வேண்டாம், காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக்கலாம், ஆனா ஒருத்தருக்காவது எல்லாம் தெரிஞ்சிருக்கணும். ஐவிஎஃப்ல முட்டை எடுக்கற அன்னைக்கு மயக்கம் குடுப்பாங்க, ராத்திரில இருந்து வெறும் வயிறு, கூட ஒரு ஆள் வரலைன்னா உள்ளயே விட மாட்டாங்க, அந்த ஆள் உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ராத்திரி கூட இருக்கணும். அம்மாவா இருக்கலாம், அக்காவா இருக்கலாம், ஹாஸ்டல் காலத்து ஃப்ரெண்டா இருக்கலாம். அந்த ஆளுக்கு உங்க டாக்டர் நம்பர், ஃபைல் இருக்கற இடம், வீட்டுச் சாவி மூணும் குடுத்து வைங்க. முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, எடை கிடுகிடுன்னு ஏறி, மூச்சு வாங்கி, யூரின் கம்மியாப் போனா அது ஓவர் ஸ்டிமுலேஷன், அதாவது மருந்தால சினைப்பை அளவுக்கு மேல தூண்டப்படறது, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கறவங்களுக்கு வர வாய்ப்பு அதிகம், உடனே கூப்பிடணும், காலைல பாத்துக்கலாம்னு படுக்கக் கூடாது. தனியா வீட்ல இருக்கறவங்க "இது சாதாரண வயித்து உப்புசம்தான்"னு தன்னையே சமாதானப்படுத்திக்குவாங்க, அப்ப வெளிய இருந்து ஒரு குரல் "கிளம்பு, போலாம்"னு சொல்லணும்.

ஊசி தனியாப் போட்டுக்கறதுக்கு நர்ஸ் சொல்லித் தருவாங்க, ரெண்டாவது நாள்ல கை பழகிடும், தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, தோலைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு, நேத்து வலது பக்கம்னா இன்னைக்கு இடது பக்கம். எது ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், எது வெளிய வைக்கலாம்னு ஒவ்வொரு டப்பாலயும் மார்க்கர்ல எழுதி வைங்க, கரண்ட் போனா என்ன பண்றதுன்னும் கேட்டு வைங்க. ட்ரிக்கர் ஊசிக்கு மட்டும் டாக்டர் ஒரு நேரம் சொல்லுவாங்க, ராத்திரி பதினொண்ணரைன்னா பதினொண்ணரைதான், அதுல இருந்து 34லிருந்து 36 மணி நேரம் கணக்குப் பண்ணித்தான் முட்டை எடுக்கற ஆபரேஷன் தியேட்டர் டைம் போட்டிருப்பாங்க, நேரம் தப்பினா முட்டை வெளியேறிப் போயிடலாம். ரெண்டு அலாரம் வைங்க, அந்த ஒரு ஆளையும் அந்த நேரத்துல போன் பண்ணச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் வர்ற ரெண்டு வாரக் காத்திருப்புல வீட்லயே கிட் வாங்கிப் பாக்காதீங்க, ட்ரிக்கர் ஊசில இருக்கற ஹார்மோனே பாசிட்டிவ் கோடு காட்டும், அதை நம்பி சந்தோஷப்பட்டு அப்புறம் உடைஞ்சு போவீங்க. கர்ப்பம் நிலைக்கறதுக்குக் குடுக்கற ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரையால மார்பு வலி, உப்புசம் எல்லாம் கர்ப்பம் மாதிரியே இருக்கும். லேசா ரத்தம் பட்டாலும் டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க.

வேலை. பேறுகால லீவ் பத்தின சட்டத்துல "பெண்"ணுன்னுதான் இருக்கு, கல்யாணம் ஆனவங்கன்னு இல்ல, பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தா முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவ், கரு கலைஞ்சா 6 வாரம். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடம்னா குழந்தைக் காப்பகம் இருக்கணும். ட்ரீட்மென்ட்டுக்கு இதுல லீவ் கிடையாது, அதுக்கு உங்க சொந்த லீவைச் சேத்து வைங்க, ஸ்கேனுக்குக் காலைல போய்ட்டு லேட்டா வர்ற மாதிரி நாள் நெறைய வரும். அரசு வேலைல இருக்கறவங்க உங்க சர்வீஸ் ரூல்ஸ்ல என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு படிச்சு, தேவைப்பட்டா சர்வீஸ் மேட்டர் பாக்கற வக்கீலை முன்னாடியே பாத்துடுங்க.

கர்ப்பம் உறுதியானதும் தமிழ்நாட்டுல பிக்மி நம்பர், அதாவது அரசாங்கத்துல கர்ப்பத்தைப் பதிவு பண்ற நம்பர், எடுக்கணும், அது இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்கறதுல சிக்கல் வரும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸம்மா வழக்கமா முதல்ல கேக்கறதே "வீட்டுக்காரர் பேரு என்னம்மா"ன்னுதான், கெட்ட எண்ணம் இல்ல, அவங்களுக்கு முன்னாடி அந்தக் கட்டம் இருக்கு, அவ்வளவுதான். நிதானமா "நான் சிங்கிள் மதர் சிஸ்டர், டோனர் ட்ரீட்மென்ட், இது என் டாக்டர் லெட்டர்"னு சொல்லி லெட்டரை நீட்டுங்க. லெட்டர் கையில இருந்தா பேச்சு சுருக்கமா முடியும், அதனால கிளினிக்ல இருந்து லெட்டர்ஹெட்ல ஒண்ணு முன்னாடியே வாங்கி வச்சு நாலு காப்பி எடுத்துக்கங்க.

பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு இல்லாம வாங்கலாம், இதுக்காகப் பல பொண்ணுங்க கோர்ட் வரைக்கும் போய் நமக்கு வழி போட்டுக் குடுத்திருக்காங்க. 2015 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புல, கல்யாணம் ஆகாத அம்மா அப்பா பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஒரு அஃபிடவிட் குடுத்தா சான்றிதழ் குடுக்கணும்னு இருக்கு. நம்ம திருச்சியிலயே டோனர் ஐயூஐ மூலமா பிறந்த ஒரு குழந்தையோட சான்றிதழ்ல தப்பா வேற ஒருத்தர் பேரு அப்பாவா ஏறிடுச்சு, 2018ல ஹைகோர்ட் மதுரைக் கிளை அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. கேரளா ஹைகோர்ட்டும் 2021ல இந்த மாதிரிப் பிறந்த குழந்தைங்களுக்கு அப்பா கட்டமே இல்லாத தனி ஃபார்ம் வைக்கச் சொல்லுச்சு. அதனால பிரசவத்துக்கு முன்னாடியே அஃபிடவிட் தயார் பண்ணி, தீர்ப்போட காப்பியும் வச்சு, ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ்ல இருக்கறவங்ககிட்ட நேரா பேசிடுங்க, ஏன்னா அவங்க அனுப்பற ஃபார்ம்தான் மாநகராட்சிக்குப் போகுது. 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் இல்ல. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை, அதனால முதல் தடவையே சரியா வாங்கிடுங்க. பாஸ்போர்ட்டுக்கு 2016 டிசம்பர்ல இருந்தே அப்பா இல்ல அம்மா, ஒருத்தர் பேரு போதும்.

உயில் எழுதச் சொன்னா எல்லாரும் அபசகுனம்ன்றாங்க. ரெண்டு பேர் இருக்கற வீட்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆனா இன்னொருத்தர் இருக்கார், உங்க வீட்ல நீங்க ஒருத்தர்தான், நீங்க எழுதி வைக்கலைன்னா குழந்தை யார்கிட்ட வளரணும்னு சொந்தக்காரங்க கூடி முடிவு பண்ணுவாங்க. குழந்தைக்கு கார்டியன் யாருன்னு பேரு போட்டு, ரெண்டு சாட்சி கையெழுத்தோட எழுதுங்க, பதிவு பண்றது கட்டாயம் இல்லைன்னாலும் பண்ணிட்டா நல்லது. அந்த கார்டியன்கிட்ட முதல்ல கேட்டு, அவர் முழு மனசோட சரின்னு சொல்லணும். டேர்ம் இன்ஷூரன்ஸ் இன்னும் எடுக்கலைன்னா கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே எடுங்க, பிஎஃப், பேங்க் நாமினி எல்லாம் பாத்து மாத்துங்க.

வீட்ல சொல்றது எப்பன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அம்மா அப்பா முதல்ல அழுவாங்க, கோவப்படுவாங்க, "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க"ம்பாங்க. அவங்ககிட்ட அனுமதி கேக்கற மாதிரி பேசாதீங்க, முடிவு பண்ணிட்டேன், எனக்கு நீங்க கூட வேணும்னு சொல்லுங்க, அவங்க தெளியறதுக்கு ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி சில மாசமாவது டைம் குடுங்க. பேரனோ பேத்தியோ வரப் போகுதுன்னு தெரிஞ்சா வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கப் போறவங்க இதே அம்மாவாத்தான் இருப்பாங்க, வராமப் போனாலும் உங்களுக்குன்னு சேத்து வச்ச ஆளுங்க இருக்கணும். வாடகை வீடா இருந்தா ஹவுஸ் ஓனர் எப்படிப்பட்டவர்னு யோசிங்க, வயிறு தெரிஞ்ச பிறகு வீடு மாறறது கஷ்டம்.

குழந்தைகிட்ட என்ன சொல்றதுன்னு ரொம்பப் பேர் தள்ளிப் போடறாங்க, நான் சின்ன வயசுல இருந்தே சொல்லணும்ங்கற பக்கம். "நீ வேணும்னு அம்மா ரொம்ப ஆசைப்பட்டேன், ஒரு மாமா உதவினார், டாக்டர் உதவினாங்க"ன்னு மூணு வயசுக்குப் புரியற மாதிரி சொல்ல ஆரம்பிச்சா, பதிமூணு வயசுல யாரோ ஒரு அத்தை கல்யாண வீட்ல போட்டு உடைக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. டோனரோட ரத்த வகை, உயரம், டெஸ்ட் ரிப்போர்ட், பேங்க் பேரு, சாம்பிள் நம்பர், கிளினிக் குடுத்த ஒவ்வொரு தாளும் ஒரு ஃபைல்ல போட்டு, ஸ்கேன் பண்ணி மெயில்லயும் ஏத்தி, ஒரு காப்பி கார்டியன்கிட்ட குடுத்து வைங்க, பின்னாடி குழந்தைக்கு ஏதாவது உடம்புக்கு வந்து டாக்டர் அப்பா வழி விவரம் கேட்டா காட்டறதுக்கு அதுதான் இருக்கும்.